பவுன் மதகைத் தாண்டுவாளா? (கந்தப்பளைப் பக்கம், பொயா லீவுச் சவாரி)

பணிய லயத்தான்
வியாழன், இரவு 8.40

வணக்கம். போன மாதம் இங்கே சொன்னேனே, பெரியப்பாவின் குதிரை பவுன், அந்தக் கதை இன்னும் முடியவில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியப்பா நுவரெலியா ஏரிக்கரையில் இரண்டு மட்டக்குதிரைகளை வைத்துச் சவாரி விடுகிறவர். ஏப்ரல் சீசன் முடிந்து மழை பிடித்ததும் அங்கே ஆள் குறைந்துவிடும். அப்போது ஒன்றைக் கந்தப்பளைக்குக் கொண்டுவந்து எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற மாட்டுக்கொட்டிலில் ஓய்வுக்காகக் கட்டிவிடுவார். தீனி என் பொறுப்பு. பதிலுக்குச் சனி, ஞாயிறு நான் ஏறிக்கொள்ளலாம்.

பவுன் செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, பதின்மூன்று கை உயரம். கை என்றால் நாலு அங்குலம், பிடரி முடிகிற தோள் மேட்டில் வைத்து அளப்பது. வயது பெரியப்பா கணக்கில் பதினொன்று, பல்லைப் பிடித்துப் பார்த்தவர் கணக்கில் பதினைந்து.

திட்டம் இதுதான். லயத்திலிருந்து தேயிலை எஸ்டேட் ரோட்டில் ஏறினால் இரண்டு கட்டை (மைல்) தூரத்தில் மேல் பிரிவு மதுரைவீரன் கோயில். என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் குதிரை அங்கே சீமெந்தில் நிற்கிற வெள்ளைக் குதிரைதான். அதன் முன்னால் ஒரு நிஜக் குதிரையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எஸ்டேட்டின் உதவி மனேஜர் சின்னத்துரையிடம் கேட்டாயிற்று. கொழுந்து எடுக்கிற மலைக்குள் இறங்காதே, ரோட்டோடு போய் ரோட்டோடு வா என்று சம்மதித்துவிட்டார்.

இடையில் ஒரு மதகு, அதாவது தண்ணீர் போகிற சின்னச் சீமெந்துப் பாலம், இருக்கிறது. பவுன் அதில் கால் வைக்க மாட்டேன் என்கிறாள். நாலு ஞாயிறாக அதே இடத்திலிருந்து திரும்பி வருகிறேன். இந்த வாரம் திங்கட்கிழமைப் பொயாவும் (பௌர்ணமி லீவு) சேர்ந்து மூன்று நாள் லீவு. யாராவது வருகிறீர்களா? வராவிட்டாலும் ஒரு யோசனையாவது சொல்லுங்கள்.

வெலிமடை உருளைக்கிழங்கு
வியாழன், இரவு 9.05

நான் வருகிறேன். இங்கே கச்சான் காற்று அடித்துக் கூரைத் தகரம் பறக்கிறது, ஒரு சொட்டு மழை இல்லை. தென்மேல் பருவக்காற்று மழையை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு எங்களுக்கு வெறும் காற்றை அனுப்புகிறது. குடை கொண்டுவரவா, தொப்பி கொண்டுவரவா?

இன்னொன்று. நானும் ஒரு சுற்று ஏறலாமா? எடை 88. கூச்சப்படாமல் கேட்கிறேன், கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள்.

அரை டொக்டர்
வியாழன், இரவு 9.31

உருளை அண்ணே, கூச்சப்படாமல் சொல்கிறேன்: கூடாது. குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றக்கூடாது என்பது பொதுவான கணக்கு. அதில் சேணமும் அடக்கம். ஏற்றமான ரோடு, வயதான குதிரை என்றால் இன்னும் குறைக்க வேண்டும்.

லயத்தான் அண்ணே, இதற்குத் தராசு வேண்டாம், தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம். எல்லாம் சென்ரிமீற்றரில். சுற்றைச் சுற்றாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் கிலோ வரும். அச்சொட்டாக இராது, ஆனால் கண்மதிப்பைவிட மேல்.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன், இன்னும் முடியவில்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் இதுவரை யாரையும் கொல்லவில்லை.

பணிய லயத்தான்
வியாழன், இரவு 10.15

அக்காவின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு போய் டோர்ச் வெளிச்சத்தில் அளந்தேன். சுற்று 150, நீளம் 152. கணக்குப் போட்டால் 288 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு 57. சேணம் 6. மிச்சம் 51. என் எடை 51! பள்ளிக்கூடத்தில் என்னை ஒல்லிப்பிச்சான் என்று கூப்பிட்ட அத்தனை பேரையும் இந்த நேரத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

உருளை, நீங்கள் கயிறு பிடித்து நடக்கலாம். சாப்பாடு என் செலவு.

லாடம்77
வெள்ளி, காலை 5.20

51 என்றால் நுனியில் நிற்கிறாய் தம்பி. ஏற்றம் வந்தால் இறங்கி நட, அவளுக்கும் மூச்சு வரும், உனக்கும் கால் பலப்படும்.

மதகு விஷயத்துக்கு வருகிறேன். குதிரைக்குப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட முதுகு வரைக்கும் கண் தெரியும். ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் மூக்குக்குக் கீழேயும் தெரியாது. காலடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அது தலையைத் தாழ்த்தியாக வேண்டும். நீ என்ன செய்திருப்பாய்? பயத்தில் கடிவாளத்தை இழுத்துத் தலையைத் தூக்கிப் பிடித்திருப்பாய். கண்ணைக் கட்டிவிட்டு ஏணியில் ஏறச் சொல்வதும் அதுவும் ஒன்றுதான். வாரைத் தளர்த்தி மோந்து பார்க்க விடு. கீழே தண்ணீர் விழுகிற சத்தம், மேலே குளம்பு பட்டால் வருகிற பொள்ளல் சத்தம், ஏரிக்கரையில் வளர்ந்ததற்கு இரண்டும் புதிது. அடிக்காதே. மதகு என்றால் அடி என்று ஒருதரம் மனதில் பதிந்தால் பிறகு யாராலும் அழிக்க முடியாது.

மூன்று நாள் லீவு என்பது உனக்கு. அது அவளுக்குத் தெரியாது.

சேணக்காரி
வெள்ளி, காலை 11.48

லாடம் ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் ஹட்டனிலிருந்து வருவதாக இருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கே பாடம் இருக்கிறது, அதை விட மனமில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

முப்பத்தாறு வயதில் சவாரி பழகத் தொடங்கினேன். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு. ஏழு மாதமாக எனக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்றுதான், துள்ளுநடை. குதிரை நடக்கும்போது நாலு காலும் தனித்தனியாக விழும், அதில் நான் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பேன். துள்ளுநடை வந்துவிட்டால் குறுக்குக் கால்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து விழும், டக்கு டக்கு என்று. ஒரு டக்குக்கு எழ வேண்டும், அடுத்ததற்கு உட்கார வேண்டும். நான் அது எழும்போது உட்கார்ந்து, அது இறங்கும்போது எழுந்து, மறுநாள் வங்கியில் கதிரையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே காசு எண்ணியிருக்கிறேன். சொல்லித்தருகிறவர் "வெளிப்பக்க முன்னங்கால் முன்னே போகும்போது எழுங்கள், அக்கா" என்பார். அந்தக் காலைக் குனிந்து தேடுவதற்குள் வட்டம் முடிந்துவிடும்.

போன தடவை ஒன்று தோன்றியது. எங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பார்களே, அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். டண்டக்கு, டண்டக்கு. டண்ணுக்கு எழு, டக்குக்கு உட்கார். காலைப் பார்க்கவே இல்லை. அரை வட்டம் வந்துவிட்டது! மறு அரை வட்டத்தில் சந்தோஷம் தாங்காமல் தாளம் தவறிப் பிடரியைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஞாயிறு முழு வட்டம். அதனால்தான் வரவில்லை, மன்னிக்கவும்.

பணிய லயத்தான்
வெள்ளி, மாலை 6.02

அக்கா, நீங்கள் முழு வட்டம் போடுங்கள், நான் பத்தடி மதகைத் தாண்டுகிறேன். யார் முதலில் என்று பார்ப்போம்.

இன்றைக்கு ஒத்திகையாகச் சேணம் போட்டுப் பார்த்தேன். கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்பதைப் பெரியவர்கள் பவுனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் ஒரு கரட்டைக் காட்டிக் கடிவாளத்தை உள்ளே விட்டேன். தீனி நன்றாகத்தான் போகிறது. பால்காரரிடம் வாங்குகிற சி.ஓ.3 புல், இரண்டு வேளை தவிடு, சந்தைக்கு எடுபடாமல் ஒதுக்கின கோவா (முட்டைக்கோஸ்) இலை, லீக்ஸ் என்று வயிறு நிறைய.

அரை டொக்டர்
வெள்ளி, மாலை 6.20

அண்ணே, கையோடு நிறுத்துங்கள்! கோவா இலை வயிற்றில் காற்றைக் கட்டும். மாடு ஏப்பம் விட்டுத் தப்பிக்கும், குதிரையால் அது முடியாது, வாந்தியும் எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்து உருளத் தொடங்கினால் குடலே முறுக்கிக்கொள்ளலாம், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. லீக்ஸ் வெங்காயச் சாதி, குதிரையின் இரத்தத்தைக் கெடுக்கும். உருளைக்கிழங்கு, அதுவும் பச்சை பிடித்தது, தொடவே கூடாது. ஆனைக்கொய்யா (அவகாடோ) இலையும் அப்படித்தான். வேலி மரமான கிளிரிசீடியாவை ஆடும் மாடும் தின்கிறதே என்று ஒடித்துப் போடாதீர்கள், குதிரைக்கு அது நஞ்சு. நுவரெலியாவில் விளைகிறதில் கரட்தான் பயமில்லாதது. அதையும் வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் கீறிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்காது.

இதைவிட முக்கியம் புல்லும் தவிடும். சி.ஓ.3 கோயம்புத்தூரில் மாட்டுக்காக உருவாக்கிய நேப்பியர் இனம். அந்தச் சாதிப் புல்லில் ஒக்சலேற்று இருக்கிறது, அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டின் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதோடு தவிட்டில் பொஸ்பரஸ் அதிகம், மிச்சம் இருக்கிற சுண்ணாம்பையும் அது கெடுக்கும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து எடுக்கும். முகத்தெலும்பு இரண்டு பக்கமும் வீங்கும், இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு வேறு கால் என்று நொண்டும். புல்லை மாற்றி மாற்றிக் கலந்து போடுங்கள், ரோட்டோரப் புல், மலைப்புல் எதுவானாலும் சரி. தவிட்டைக் குறையுங்கள். தீவனத்தில் கலக்கிற சுண்ணாம்புத்தூள் எவ்வளவு என்று உங்கள் பக்கத்து மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எதையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், ஏழெட்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. கோவாவும் லீக்ஸும் மட்டும் இன்றைக்கே நிற்கட்டும்.

வெலிமடை உருளைக்கிழங்கு
வெள்ளி, மாலை 6.41

ஏறினால் எடை, தின்றால் விஷம். பவுனுக்கும் எனக்கும் ஜாதகமே பொருந்தவில்லை.

ஹப்புத்தளை மேகம்
வெள்ளி, இரவு 9.10

நடுவில் ஒரு சந்தேகம். ஓட்டத்திலிருந்து விலக்கின ரேஸ் குதிரை மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பேர்ச் காணி சும்மா கிடக்கிறது. வாங்கிவிடலாமா?

லாடம்77
வெள்ளி, இரவு 9.22

இரண்டு பேர்ச்சில் குதிரை திரும்பக்கூட இடமில்லை, முன்னால் போய்ப் பின்னால்தான் வர வேண்டும்.

ரேஸ் குதிரை 450, 500 கிலோ. காய்ந்த தீனிக் கணக்கில் நாளுக்குப் பத்துக் கிலோ கேட்கும். ஒரு பக்கம் திரும்பத் தெரியும், ஓடத் தெரியும், முன்னால் இன்னொரு குதிரை போனால் விடாது. ஓட்டோ, நாய், பறக்கிற பொலித்தீன் எதுவும் பழக்கமில்லை. ஆறு ஏழு வாரத்துக்கு ஒருதரம் குளம்பு சீவ ஆள் வேண்டும், அந்த ஆள் ஹப்புத்தளைக்கு வருவானா என்று முதலில் கேள். மலிவு வாங்குகிற அன்றைக்கு மட்டும்தான். நரியைப் பரியாக்கிப் பாண்டியனிடம் விட்ட கதை தெரியும்தானே? இராத்திரியில்தான் அது ஊளையிட்டது.

தீவான்
சனி, காலை 6.15

நான் நெடுந்தீவு. எங்கட ஊரில் மட்டக்குதிரைகள் வெட்டையில் கூட்டம் கூட்டமாகத் திரியுது. அங்க ஒன்றிரண்டைக் கொண்டுபோனால் என்ன என்று இங்க வருகிற ஆட்கள் எல்லாரும் கேட்பினம். நீங்கள் கேட்க முதல் சொல்லிவிடுகிறன்: அதுகள் பாதுகாக்கப்பட்டவை, தீவை விட்டு வெளியில கொண்டுபோக ஏலாது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் விட்டுப்போன வம்சம் என்று சொல்லுவினம். வறட்சி வந்தால் தண்ணீருக்கு அதுகள் படுகிற பாடு பார்க்க முடியாது. உங்கட மழையில் ஒரு கை அள்ளி அனுப்பினால் போதும்.

பணிய லயத்தான்
சனி, மதியம் 1.30

இங்கே மழைக்குக் குறைவில்லை, தீவான். விடிய மூன்று மணிக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. உருளை காலை பஸ்ஸில் வந்து இறங்கி, இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து நாலாவது தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருக்கிறார்.

சவாரி இல்லையே, குளம்பையாவது சுத்தம் செய்வோம் என்று காலைத் தூக்கினேன். இடது பின்னங்கால். குத்தூசியால் சேற்றைத் தோண்டியதும் ஒரு நாற்றம் வந்தது பாருங்கள், உருளை தேத்தண்ணியோடு எழுந்து லயத்தின் அந்தத் தொங்கலுக்குப் போய்விட்டார். நடுவில் இருக்கிற முக்கோணச் சதைப்பகுதி ஓரமெல்லாம் கறுப்பாகக் கூழாகி இருக்கிறது. நொண்டவில்லை. திங்கட்கிழமைத் திட்டம் அவ்வளவுதானா?

அரை டொக்டர்
சனி, மதியம் 1.44

குளம்பழுகல். ஈரக் கொட்டிலில் மூத்திரத்தில் நிற்கிற குதிரைக்கு வருவது. ஆழமாகப் போகாமல், அழுத்தினால் காலை இழுக்காமல் இருந்தால் பயமில்லை. சுத்தமாகக் கழுவித் துடைத்து நன்றாகக் காயவிட்டு அயடின் பூசுங்கள், நாளுக்கு ஒருதரம். மருந்தைவிடக் காய்ந்த தரை முக்கியம். நொண்டினால் மட்டும் சவாரியை விட்டுவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

லாடம்77
சனி, மதியம் 2.10

மரத்தூள் போடு. ஆலையில் சும்மா கொடுப்பார்கள். மாடு நிற்கிற தரை மாட்டுக்கு. கொட்டிலைச் சரிசெய்யாமல் குதிரையைக் குற்றம் சொல்லாதே. உன் தாத்தா காலத்தில் துரையின் குதிரைக்கு மரப்பலகைத் தரை போட்ட லாயம் இருந்தது, குதிரைக்காரனுக்கு மண்தரை லயம். ஒரு கால்தான் வித்தியாசம் எழுத்தில்.

ஏரிக்கரைப் பயணி
சனி, மாலை 4.55

எல்லோரும் சந்தோஷமாகப் பேசுகிறீர்கள், குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். ஏப்ரலில் பிள்ளைகளோடு நுவரெலியா போனேன். ஏரிக்கரையில் விலா எண்ணுகிற மாதிரி ஒரு மட்டக்குதிரை, வாரடியில் (வயிற்றுவார் அழுத்துகிற இடத்தில்) புண், காலையிலிருந்து பின்னேரம் வரை மாறி மாறி ஆள். என் மகள் ஏற மாட்டேன் என்று அழுதாள். சீசன் முழுக்க உழைத்த குதிரைக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று சொல்லி மலை ஏற்றுகிறீர்கள். இது ஓய்வா?

பணிய லயத்தான்
சனி, இரவு 8.20

கேட்டது நியாயம். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் கேட்டது நியாயம்.

பெரியப்பா குதிரைகளுக்கு மதியம் இரண்டு மணிநேரம் சேணம் கழற்றி ஓய்வு கொடுப்பார். பக்கத்தில் கொடுக்காதவர்களும் இருக்கிறார்கள். ஏப்ரலில் சம்பாதித்தால்தான் மற்ற மாதங்களில் தீனி வாங்கலாம், அதனால் அந்த மூன்று வாரத்தில் யாரும் கூட்டத்தைத் திருப்பி அனுப்பத் துணிவதில்லை. அவர் செய்வது எல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. பவுனின் வாரடியிலும் மே மாதம் வரும்போது உள்ளங்கை அகலம் மயிர் இல்லை. ஆறிய பிறகுதான் ஏறத் தொடங்கினேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள், அதிலும் ஒரு மணிநேரம். மலை ஏறுவதில் பாதி நான் நடக்கிறேன். இதுவும் வேண்டாம் என்றால் அவளை அடுத்த சீசன் வரை கொட்டிலில் கட்டித்தான் வைக்க வேண்டும்.

உங்கள் மகள் ஏறாமல் விட்டது நல்லதுதான். புண் உள்ள குதிரையில் யாரும் ஏறாவிட்டால் அடுத்த நாள் அது கரைக்கு வராது. இதை மேடையில் பேசுகிறவர்களைவிட ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று பெரியப்பாவுக்கு நன்றாகப் புரியவைக்கும்.

லாடம்77
சனி, இரவு 8.47

விலாவைப் பற்றி. கை வைத்துத் தடவினால் விலா தட்டுப்பட வேண்டும், தூர நின்று பார்த்தால் தெரியக்கூடாது. அதுதான் அளவு. தெரிந்தால் பட்டினி, தடவியும் தட்டுப்படாவிட்டால் கொழுப்பு. அந்த அம்மா சொன்னது சரி.

பணிய லயத்தான்
ஞாயிறு, மதியம் 12.50

மழை விட்டது. பவுன் நொண்டவில்லை. சேணம் போட்டோம். நான் விழுந்தேன்.

விவரம்: மதகுக்கு முந்தின திருப்பத்தில் வயிற்றுவார் அறுந்தது. அறுந்தது என்று தெரிவதற்குள் சேணத்தோடு நானும் பக்கவாட்டில் சரிந்துவிட்டேன். வலது பக்கம் தேயிலையைக் கவ்வாத்து வெட்டின மலை. குச்சி குச்சியாக நிற்கிற அதற்குள் விழுந்திருந்தால் இந்தப் பதிவை ஆஸ்பத்திரியிலிருந்துதான் எழுதியிருப்பேன். நல்லவேளை இடது பக்கம் விழுந்தேன். இடது பக்கம் கான், தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். போன மாதம்தான் புதிதாகக் கான் வெட்டியிருந்தார்கள், இடுப்பளவு. குதிரை தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, பவுன்மேல் அந்தப் பழியைப் போட முடியாது, குழியை எஸ்டேட்காரர்களே பறித்து வைத்திருந்தார்கள்.

ஹெல்மட் போட்டிருந்தேன். முழங்கை உரசல், பெருமைக்குக் காயம். பவுன் பத்தடி போய் நின்று, திரும்பிப் பார்த்து, ரோட்டோரப் புல்லை மேயத் தொடங்கிவிட்டாள். உருளை என்னைத் தூக்கிவிட்ட பிறகு பார்த்தால் காலில் ஆளுக்கு ஏழெட்டு அட்டை. பவுனின் கணுக்காலிலும் மூன்று. உப்புத் தண்ணீர் போத்தலைக் கொண்டுபோனது அவர் புண்ணியம்.

லாடம்77
ஞாயிறு, மதியம் 1.05

ஏறும் முன் வாரைப் பார்த்தாயா?

பணிய லயத்தான்
ஞாயிறு, மதியம் 1.07

இறுக்கினேன் ஐயா. வயிற்றை ஊதிக்கொண்டாள், பத்தடி நடத்தி மறுபடியும் இறுக்கினேன்.

லாடம்77
ஞாயிறு, மதியம் 1.09

இறுக்கினாயா என்று கேட்கவில்லை. பார்த்தாயா என்று கேட்டேன். தையல், கொக்கி, தோல் மடிகிற இடம். வியர்வையும் மழையும் மாறி மாறிப் பட்டால் தோல் வெடிக்கும்.

பணிய லயத்தான்
ஞாயிறு, மதியம் 1.12

பார்க்கவில்லை.

சேணக்காரி
ஞாயிறு, மாலை 5.36

தம்பி, கையைக் காலை அசைத்துப் பார்த்தீர்களா? தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ ஹெல்மட் போட்டிருந்தேன் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், போய்க் காட்டுங்கள். அந்த ஹெல்மட் கானில் அடிபட்டிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

இந்த நேரத்தில் சொல்லலாமோ தெரியவில்லை. முழு வட்டம். ஒன்றல்ல, இரண்டரை. டண்டக்கு டண்டக்கு என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனேன். சொல்லித்தருகிறவர் சிங்களவர், இறங்கினதும் அது என்ன மந்திரம் என்று கேட்டார். தப்புச் சத்தம் என்றேன். கையைத் தட்டிக் காட்டினேன். அடுத்த ஆளுக்கு அவர் அதையே சொல்லிக்கொடுக்கிறார்!

வெலிமடை உருளைக்கிழங்கு
ஞாயிறு, இரவு 7.15

அக்காவுக்கு வாழ்த்து. இங்கே நிலவரம்: டவுனில் செருப்புத் தைக்கிற மாமாவிடம் வாரைக் கொண்டுபோனேன். குதிரை வார் இதுவரை தைத்ததில்லை என்றார், ஆனால் விடவில்லை. பழைய தோலை வெட்டிவிட்டு, ஸ்கூல் பேக் பட்டியை உள்ளே வைத்து, நைலோன் நூலால் மூன்று வரிசை. நானே அதில் தொங்கிப் பார்த்தேன். 88 கிலோவுக்கு ஒரு பயன் கிடைத்தது.

பணிய லயத்தான்
திங்கள், இரவு 9.25

நீளமாக எழுதப் போகிறேன், தேத்தண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழு மணிக்கு மூடுபனி. வாரைத் தையல் தையலாகப் பார்த்தேன், லாடம் ஐயா. மதகு வரைக்கும் ஏறவே இல்லை, நடத்தித்தான் போனேன். மதகு வந்தது. பவுன் நின்றாள். கயிற்றைத் தளர்த்தினேன். தலையைத் தாழ்த்தி மோந்தாள், மூக்கால் ஊதினாள், ஒரு குளம்பைச் சீமெந்தில் வைத்தாள். பொள்ளல் சத்தம். எடுத்துவிட்டாள். மறுபடி மோந்தாள். இப்படியே இருபது நிமிடம். உருளை அந்தப் பக்கம் போய் நின்று கரட்டைக் காட்டினார். கரட்டைப் பார்த்தாள், மதகைப் பார்த்தாள், உருளையைப் பார்த்தாள். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். நான் ஐயா சொன்னபடி அவசரப்படாமல் நின்றேன். மழை தூறத் தொடங்கியது. அப்போதும் நின்றேன்.

பின்னால் மணிச்சத்தம். எங்கள் கொட்டிலின் மறுபாதியில் கட்டுகிற லெட்சுமி மாட்டை ஓட்டிக்கொண்டு பாட்டி வருகிறார், தலையில் படங்கு. மேல் பிரிவில் மகள் வீட்டுக்கு. "வழியை மறிச்சிக்கிட்டு என்னப்பா வேடிக்கை, தள்ளு" என்றார். நான் பவுனை ஓரமாக இழுத்தேன். லெட்சுமி நிற்கவுமில்லை, பார்க்கவுமில்லை, தன்பாட்டுக்கு மதகில் ஏறிப் போனது. பவுன் காதை நிமிர்த்தினாள். அவ்வளவுதான். மாட்டின் வாலைப் பிடித்த மாதிரி பின்னாலேயே நடந்து தாண்டிவிட்டாள், கயிறு என் கையிலிருந்து நழுவி நான்தான் பின்னால் ஓடினேன். உருளை கரட்டோடு வாயைத் திறந்தபடி நிற்கிறார். பாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐந்து ஞாயிறு, ஒரு பொயா, இரண்டு டொக்டர் யோசனை. கடைசியில் ஒரு மாடு!

அதன் பிறகு மட்டமான ரோட்டில் ஏறினேன். சவுக்கு மரங்களுக்கு இடையில் ஒரு நூறு யார் துள்ளுநடை, டண்டக்கு சொல்லிக்கொண்டுதான். கோயிலுக்கு முன்னால் இறங்கித் தாடைக்குக் கீழே நாடி பார்த்தேன், 76. பத்து நிமிடம் கழித்து 52. அரை டொக்டர் தம்பி, சரிதானே?

வெள்ளைக் குதிரைக்கு முன்னால் பவுனை நிறுத்தினேன். என்னவோ நடக்கும் என்று நினைத்திருந்தேன். மோந்து பார்த்தாள். பிறகு சீமெந்துக் குதிரையின் கழுத்தில் இருந்த செவ்வந்தி மாலையை இழுத்துத் தின்னத் தொடங்கினாள். நான் பதறிப்போனேன். பூசாரி சிரித்துக்கொண்டே "போன வருசம் ஆடு தின்னுச்சு, விடுங்க" என்றார்.

திரும்பும்போது லெட்சுமி இல்லை. மதகுக்கு முன்னால் இறங்கலாம் என்று நினைப்பதற்குள் பவுன் என்னைக் கேட்காமலே தாண்டிவிட்டாள். வீட்டுப் பக்கம் என்றால் மதகு தெரியாது போலிருக்கிறது.

அரை டொக்டர்
திங்கள், இரவு 9.40

52 நல்ல நாடி. ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்கும், ஏறி இறங்கிப் பத்து நிமிடத்தில் 60ஐ ஒட்டி வந்தாலே போதும். நாளைக்கு முதுகைத் தடவிப் பாருங்கள், வலிக்கிற இடத்தில் தோலைச் சுழிப்பாள். இரண்டு டொக்டர் என்றீர்களே, மற்றவர் யார்?

லாடம்77
திங்கள், இரவு 9.44

கூட்டத்தில் வாழ்கிற பிராணிக்குத் துணை வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தோன்றவில்லை. குதிரையைத்தான் யோசித்தேன், பக்கத்துக் கொட்டிலை யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் மாட்டோடு போ, அதற்கடுத்ததும். பிறகு மாட்டைப் பத்தடி பின்னால் விடு.

பாட்டிக்கு ஏதாவது கொடுத்தாயா?

பணிய லயத்தான்
திங்கள், இரவு 9.58

பின்னேரம் ரொட்டியும் கட்டசம்பலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதுக்கு என்று கேட்டார். மதகு விஷயத்தைச் சொன்னேன். "அது பாலத்துக்குப் பயந்துக்கிட்டா நின்னுச்சு? நீ மழைக்கு ஒதுங்கி நிக்கிறேன்னுல்ல நெனச்சேன்" என்றார். லெட்சுமிக்கு இரண்டு கரட் கொடுத்தேன், ஒன்றைப் பவுன் தடுப்புக்கு மேலால் எட்டிப் பிடுங்கிக்கொண்டாள்.

ஏரிக்கரைப் பயணி
செவ்வாய், காலை 7.10

மகளிடம் மாட்டுக் கதையைச் சொன்னேன். பவுனின் படம் ஒன்று போட முடியுமா என்று கேட்கிறாள். லெட்சுமியும் அதில் இருக்க வேண்டுமாம்.